உதவி: இரட்டைப் பாட்டுகளை அழிக்கப்போய் அப்பாவின்ர கூத்துப் பதிவும் போயிட்டுது

முத்தையன்கட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒலி அமைப்பு வைச்சிருக்கிறன். கோயில், கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு எண்டு எல்லாத்துக்கும் பாட்டுப் போடுறனான். பாட்டு முழுக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில இருக்குது. 31 ஆயிரம் பைலுக்குக் கிட்ட, 150 ஜிபி வரும்.

போன கிழமை ஒரு திருவிழாவில விடிய நாலரைக்கு முருகன் பாட்டு ஒண்டு போகுது. முடிஞ்ச கையோட அதே பாட்டுத் திருப்பிப் போகுது. நாலு பாட்டுக் கழிச்சு மூண்டாந்தரமும் வந்திட்டுது. ஐயர் வந்து "தம்பி, வேற பாட்டு இல்லையோ" எண்டு கேட்டார். வீட்டை வந்து பார்த்தா அந்தப் பாட்டு "பக்தி", "முருகன்", "கந்தசஷ்டி", "விடியப்புறம்" எண்டு நாலு போல்டரிலயும் கிடக்குது.

துப்புரவாக்குவம் எண்டு ஒரு இலவச மென்பொருள் இறக்கினன். "பெயர் ஒண்டா இருந்தா இரட்டை" எண்டதைத் தெரிவு செய்தன். 9 ஆயிரத்துக்கு மேல காட்டிச்சுது. எல்லாத்தையும் அழி எண்டு குடுத்திட்டன். றீசைக்கிள் பின்னுக்கும் போகேல்லை.

அடுத்த நாள்தான் "அப்பா" போல்டர் வெறுமையாக் கிடக்கிறதைக் கண்டன். அதில இருந்தது அப்பா அண்ணாவியாரா நிண்டு ஆடுவிச்ச கோவலன் கூத்து. 1996-ல ரெண்டு கசெற்றில பதிஞ்சது. 2009-ல எல்லாத்தையும் விட்டிட்டு வெளிக்கிட்டம், அம்மாவின்ர உடுப்புப் பையுக்க இருந்தபடியா அந்த ரெண்டும் தப்பி வந்தது. 2011-ல வவுனியாவில குடுத்து சீடி ஆக்கினன். நாலு பக்கம், நாலு பைல். பெயர் "ட்ராக் 01" இலிருந்து "ட்ராக் 04" வரை. சினிமாப் பாட்டுச் சீடிகளில இருந்து ஏத்தினதுகளுக்கும் அதே பெயர்தான். அதாலதான் இரட்டை எண்டு நினைச்சு அழிச்சிருக்குது. கசெற் நாடா இப்ப பூஞ்சணம் பிடிச்சு அறுந்திட்டுது. சீடியும் வாசிக்குதில்லை. அப்பாவும் இல்லை.

ஏதும் வழி இருக்கோ?

மல்லாவித்தம்பி:

அண்ணை பதறாதேங்கோ, அழிஞ்சதை மீட்கிற மென்பொருள் கனக்க இருக்கு. ஒண்டை அந்த டிஸ்க்கிலயே இறக்கி, அதிலயே மீட்டு எடுங்கோ. நான் போன் மெமரி கார்டில படம் அப்பிடி எடுத்தனான்.

குளக்கட்டு:

தம்பி சொன்னதில முதல் பாதி சரி, மிச்சத்தைச் செய்திடாதேங்கோ. டிஸ்க்கை இப்பவே கழட்டி வையுங்கோ அண்ணை. ஒரு பாட்டைக்கூட அதில புதுசாப் போடவேண்டாம்.

நான் கிளிநொச்சியில கொம்பியூட்டர் திருத்திறனான், இப்பிடி மாதத்துக்கு ஒண்டெண்டாலும் வரும். பைலை அழிச்சா டிஸ்க் அந்தத் தரவை உடனே துடைக்கிறேல்லை. "இந்த இடம் காலி" எண்டு அட்டவணையில குறிச்சு வைக்கும், அவ்வளவுதான். புதுசா ஏதும் வந்து அதே இடத்தில எழுதினாத்தான் பழையது உண்மையாப் போகும். அதே டிஸ்க்கில மென்பொருளை இறக்கி அதிலயே மீட்டா, மீட்கிற பைலே மீட்கவேண்டிய பைலுக்கு மேல ஏறி இருந்திடும். உங்கட சுத்துற ஹார்ட் டிஸ்க்தானே? எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாத வகை) எண்டா அழிச்ச இடத்தை அநேகமா அதுவே துடைச்சு விட்டிடும், பிறகு கை விரிக்கத்தான் வரும்.

வேற ஒரு டிஸ்க் இரவல் வாங்குங்கோ. கொம்பியூட்டரில போட்டோரெக் எண்ட மீட்பு மென்பொருளைப் போட்டு, உங்கட டிஸ்க்கை வாசிக்க மட்டும் விட்டு, வாற பைல் எல்லாம் இரவல் டிஸ்க்கில விழுகிற மாதிரிக் குடுங்கோ. பெயரைப் பார்த்துப் படம் மட்டும் எடுக்கும் எண்டு நினைக்காதேங்கோ, எம்பி3-யும் எடுக்கும். ஆனா பெயரும் போல்டரும் திரும்பி வராது, எல்லாம் இலக்கத்தோடதான் வந்து விழும். துண்டு துண்டாச் சிதறி இருந்த பைல் பாதியோட நிண்டும் போகலாம்.

ஆயிரக்கணக்கில வந்து குவியேக்க கூத்தைத் தேடுறது இப்பிடித்தான். கசெற் பக்கம் ஒண்டு 30 நிமிசம். 128 கேபிபிஎஸ் (செக்கனுக்கு 128 கிலோபிட்) எம்பி3 எண்டா நிமிசத்துக்கு ஒரு எம்பிக்குக் கொஞ்சம் குறைய, அப்ப பக்கம் 28 எம்பிக்குக் கிட்ட வரும். சினிமாப் பாட்டு நாலஞ்சு எம்பி. அளவின்படி அடுக்கினா உங்கட பைல் மேல வந்து நிக்கும்.

முத்தையன்கட்டான்:

மூண்டு நாள் கழிச்சு வாறன். இடையில கரண்ட் போய் ரெண்டாந்தரம் தொடங்கவேண்டி வந்தது. அளவின்படி அடுக்கினன், 28 எம்பிக்குக் கிட்ட 61 பைல். இருந்து ஒவ்வொண்டாக் கேட்டன்.

கூத்து கிடைச்சிட்டுது. குளக்கட்டு அண்ணை, நீங்கள் நல்லா இருக்கவேணும்.

நாலு கிடைக்கும் எண்டு பார்த்தா ஆறு கிடைச்சிருக்குது. என்ர தம்பி 2013-ல நாடா அறமுதல் தானும் ஒருக்கா வீட்டு ரேப் றெக்கோடரில போட்டுக் கொம்பியூட்டருக்கு எடுத்தவன், அதுவும் இதே டிஸ்க்கில "புதுசு" எண்ட போல்டரில கிடந்திருக்குது. எனக்கு நினைவே இல்லை. முதல் பக்கம் ரெண்டு தரம் வருது. ஒண்டு 29 நிமிசம் 20 செக்கன், மற்றது 30 நிமிசம் 45 செக்கன். நீளமானதில இரைச்சல் கூட. எதை வைச்சிருக்கிறது, எதை அழிக்கிறது?

குளக்கட்டு:

ஆறையும் தொடாதேங்கோ!

இரட்டை எண்டு சொல்லுறதில மூண்டு விதம் இருக்குது, மூண்டையும் ஒண்டாக் குழப்பினதாலதான் இவ்வளவும் நடந்தது. முதலாவது, பைலே அச்சொட்டா ஒண்டு. ஒரு பைலின்ர முழுத் தரவையும் கணக்குப் போட்டு ஹாஷ் எண்டு ஒரு நீள இலக்கம் எடுப்பினம். ரெண்டின்ர இலக்கமும் ஒண்டெண்டா பெயர் என்னவா இருந்தாலும் ஒரே பைல்தான், ஒண்டை அழிக்கலாம். உங்கட முருகன் பாட்டு நாலும் இந்த வகையாத்தான் இருக்கும். ஆனா ஒண்டின்ர டேக்கில, அதாவது பைலுக்குள்ள எழுதியிருக்கிற பாட்டு விவரத்தில, பாடகர் பெயரைத் திருத்தினாலே அந்த இலக்கம் மாறிப்போகும், பாட்டு அதே பாட்டாத்தான் இருக்கும்.

ரெண்டாவது, ஒரே பதிவு, வேற வேற பைல். தரம்தான் வேற, ஒண்டு 128 கேபிபிஎஸ், ஒண்டு 320. இதுக்கு ஒலியின்ர கைரேகை எடுத்து ஒப்பிடுற மென்பொருள் வேணும். மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் அதைத்தான் செய்யுது, பைலின்ர முதல் 120 செக்கனைக் கேட்டு எடுக்கும். சினிமாப் பாட்டுக்கு உதவும். ஊர்க் கூத்துக்கு அதில விடை கிடைக்காது, அதின்ர பட்டியலில ஆரும் சேர்த்திருக்கமாட்டினம். 320 எண்டு எழுதியிருக்கிறதை அப்பிடியே நம்பவும் வேண்டாம். 128-ஐத் திருப்பி 320 ஆக்கினா பைல் பெருக்கும், போன சத்தம் வராது. சத்தத்தைப் படமாக் காட்டுற ஸ்பெக் எண்ட மென்பொருளில போட்டுப் பாருங்கோ, 16 கிலோ ஹேர்ட்ஸுக்கு மேல வெட்டினமாதிரி வெறுமையா இருந்தா அது அநேகமா 128-ல இருந்து ஊதினது.

மூண்டாவது, உங்கட கூத்து. ஒரே கசெற்றை ரெண்டு ரேப்பில ஓட்டி எடுத்தது. ரேப்புக்கு ரேப் வேகம் கொஞ்சம் மாறும், சுருதியே மாறும். இப்பிடியான மென்பொருளை இதில நம்ப ஏலாது, காதுதான் சொல்லவேணும். இரைச்சல் கூடினதெல்லாம் கூடாத பதிவு இல்லை.

பாலைமரம்:

நான் புதுக்குடியிருப்பில படிப்பிக்கிறன். பாட்டுப் பெயரைத் தமிழில வைச்சிருக்கிற ஆக்களுக்கு இன்னும் ரெண்டு மூண்டு பொறி இருக்குது, அதையும் சொல்லவேணும்.

என்னட்டை "கொடியேற்றம்" எண்டு ரெண்டு பைல் ஒரே போல்டருக்க இருந்தது. ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை. ஒரே போல்டரில ஒரே பெயர் ரெண்டு இருக்கவே ஏலாதே எண்டு மண்டையைப் போட்டு உடைச்சன். பிறகுதான் விளங்கினது. "கொ" எண்டதை ககரத்துக்குப் பிறகு ஒரே குறியாவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு ஒண்டு கால் ஒண்டு எண்டு ரெண்டு குறியாவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒண்டுதான், கொம்பியூட்டருக்கு ரெண்டு பெயர். மாக் கொம்பியூட்டரில இருந்து கொப்பி பண்ணி வாற பைலுகளில இந்த ரெண்டாவது முறை கனக்க இருக்கும். பெயரை வைச்சு இரட்டை தேடினா இதுகள் தப்பிவிடும், பெயர் ஒண்டான வேற பாட்டு மாட்டுப்படும், அண்ணைக்கு நடந்தமாதிரி.

பாடகர் பெயரும் அப்பிடித்தான். சௌந்தரராஜன், சவுந்தரராஜன், டி.எம்.எஸ். எண்டு ஒரு மனிசன் மூண்டு ஆளா நிப்பார். தவில் மேதை தட்சணாமூர்த்தியின்ர பெயர் என்ர சேகரிப்பில தட்சிணாமூர்த்தி, தெட்சணாமூர்த்தி எண்டும் கிடந்தது. டேக் திருத்துற எம்பி3டேக் எண்ட மென்பொருளில அடுக்கிப் பார்த்து எல்லாத்தையும் ஒரே எழுத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் நான் இரட்டை தேடவே தொடங்கினன். பழைய சீடிகளில பாமினி எழுத்துருவில அடிச்ச பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா நிக்கும், அதையும் யூனிகோட்டுக்கு மாத்திப்போடுங்கோ.

முத்தையன்கட்டான்:

நன்றி டீச்சர். இப்ப மற்றப் பாட்டுகளை எப்பிடிச் செய்யிறது? திருவிழா மாதம் முழுக்க வேலை இருக்கு.

குளக்கட்டு:

இரட்டை தேடுற டூப்குரு எண்ட மென்பொருளை எடுங்கோ, ஒப்பிடுறது உள்ளடக்கத்தின்படி எண்டு வையுங்கோ, பெயரின்படி வேண்டவே வேண்டாம். அதில ஒரு போல்டரை "ரெஃபரன்ஸ்" எண்டு குறிச்சா அதுக்குள்ள இருக்கிறதை அது அழிக்கவே விடாது. "அப்பா" போல்டரை அப்பிடிக் குறியுங்கோ, இன்னும் நல்லது அதை இந்த டிஸ்க்கிலயே வைக்காமல் விடுறது. அழிக்கிறதை நேரா அழியாமல் றீசைக்கிள் பின்னுக்கு அனுப்புங்கோ, ஒரு மாதம் அப்பிடியே கிடக்கட்டும்.

ஆனா இரட்டை எங்கயிருந்து முளைக்குது எண்டு பார்த்தா, ஒரு பாட்டு நாலு நிகழ்வுக்குத் தேவை எண்டு நாலு போல்டரில கொப்பி பண்ணுறதாலதான். பாட்டு ஒரு இடத்தில மட்டும் இருக்கட்டும். திருவிழாவுக்கு ஒண்டு, செத்தவீட்டுக்கு ஒண்டு எண்டு பாட்டுப் பட்டியல் செய்யுங்கோ, விஎல்சியிலயே செய்யலாம். தமிழ்ப் பெயர் குழம்பாமல் இருக்க எம்3யு8 எண்டு சேமியுங்கோ. பட்டியலில இருக்கிறது பாட்டு கிடக்கிற முகவரி மட்டும், சில கேபி. அம்பிளிபயரில பென் டிரைவ் குத்திப் போடுறதெண்டா அது பட்டியலை வாசிக்காமல் விடலாம், அப்ப அண்டைக்கு மட்டும் பென்னுக்குக் கொப்பி பண்ணி, வேலை முடிய பென்னைத் துடைச்சுப்போடுங்கோ. பென்னில இருந்து டிஸ்க்குக்குத் திருப்பி ஏத்தாதேங்கோ. ஆரும் புதுப் பாட்டுத் தந்தா "வரவு" எண்டு தனிப் போல்டரில விழட்டும், ஒப்பிட்டுப் பார்த்த பிறகு உள்ள எடுங்கோ.

மல்லாவித்தம்பி:

அண்ணை, நான் பிழையாச் சொன்னதுக்கு மன்னியுங்கோ. நல்லகாலம் நீங்கள் செய்யேல்லை.

முத்தையன்கட்டான்:

பறவாயில்லை தம்பி, நீரும் உதவத்தானே வந்தனீர்.

இரவு ஹெட்போன் போட்டு ஆறையும் முழுக்கக் கேட்டன். வவுனியாவில எடுத்ததில முதலாம், ரெண்டாம், நாலாம் பக்கம் வந்திருக்குது. மூண்டாம் பக்கம் அதில மீளேல்லை. என்ர தம்பி எடுத்ததில முதலாம், மூண்டாம், நாலாம் பக்கம். ரெண்டையும் சேர்த்தா கூத்து முழுசா நிக்குது.

முதலாம் பக்கம் தம்பி எடுத்தது ஏன் நீளம் எண்டும் விளங்கிட்டுது. கடையில எடுத்தவை காப்புப் பாட்டுத் தொடங்கிற இடத்தில வெட்டிப்போட்டினம். தம்பியின்ரதில அதுக்கு முன்னால 40 செக்கனுக்குக் கிட்ட இருக்குது, மிச்ச நீளம் ரேப் வேகத்தால வந்ததாக்கும். மத்தளத்தைத் தட்டிப் பார்க்கிற சத்தம், ஆரோ இருமுறது, பிறகு அப்பா சொல்லுறார், "லாம்பைக் கொஞ்சம் தூண்டி விடுங்கோ." அந்த நேரம் எங்களுக்குக் கரண்ட் எங்க. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கவிட்டன், மூண்டு தரம் கேட்டா.

பைலுக்குப் பெயர் மாத்தியிட்டன்: "கோவலன் கூத்து, 1996, பக்கம் 1, தம்பி எடுத்தது". ஒரு கொப்பி தங்கச்சி வீட்டை, ஒண்டு வெளிநாட்டில தம்பியிட்டை. இணையத்தில பழைய பதிவுகளைச் சேர்த்து வைக்கிற நூலக நிறுவனத்தின்ர ஆவணகத்துக்கும் குடுக்கலாம் எண்டு இருக்கிறன். டீச்சர், அவைக்குக் குடுக்கிறதெண்டா ஆடின ஆக்களின்ர பெயரெல்லாம் எழுதவேணும் போல. எனக்குப் பாதிப் பேரைத்தான் தெரியும். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு வாற பழைய ஆக்களிட்டைக் கேட்டு எழுத ஒரு தாள் தயார் பண்ணித் தருவியளோ?

பாலைமரம்:

தாறன் அண்ணை. நானும் பொங்கலுக்கு வருவன், சேர்ந்து கேட்பம். அந்தப் பதிவைப் போனில போட்டுக் கொண்டுவாங்கோ, குரலைக் கேட்டா ஆளைச் சொல்லுவினம்.