மானிட்டரா, மவுஸா, கையா? தோற்ற ஆட்டங்கள் பற்றிய அனுபவப் பகிர்வு

மிட்_பிடிச்சவன்

கல்லூரி விழாவில் வேலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் அரையிறுதி. எந்தக் கல்லூரி என்பது வேண்டாம், கோவைப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். ஒரு வரிசையில் வாடகைக்கு எடுத்த 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள், அதாவது நொடிக்கு 144 படம் காட்டுபவை. எதிர் வரிசையில் லேபில் ஏற்கெனவே இருந்த 60 ஹெர்ட்ஸ். டாஸ் எதுவும் போடவில்லை, முதலில் வந்த அணி நல்ல வரிசையில் உட்கார்ந்துவிட்டது. நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

அசெண்ட் மேப், ஸ்கோர் 11-11. நான் மேப்பின் நடுவில், மிட்டில், வாண்டல் ரைபிளோடு நிற்கிறேன். கிராஸ்ஹேர், அதாவது திரை நடுவில் உள்ள குறி, மூலையை ஒட்டித் தலை உயரத்தில் இருக்கிறது. எதிரணியின் ஜெட் என்ற கேரக்டர் வெளியே வருகிறாள். என் திரையில் முதலில் வெறும் சுவர். அடுத்த கணம் முழு ஜெட். தோள்பட்டை, பாதித் தலை என்று நடுவில் எதுவும் தெரியவில்லை. நான் கிளிக் செய்வதற்குள் திரை சாம்பல் நிறமாகிவிட்டது.

ஜெட்டாக ஆடிய பையன் ஆட்டத்தை ரெக்கார்ட் பண்ணியிருந்தான், பிறகு கிளிப் அனுப்பினான். அதில் அவனுக்கு என் தலை முதலில் ஓரமாகத் தெரிகிறது, அப்புறம் பாதி, அப்புறம் முழுசு. கிராஸ்ஹேரை நகர்த்தி நிறுத்தி, சாவகாசமாக ஒரே குண்டு. அந்தக் கிளிப்பை இன்னும் அழிக்கவில்லை.

"மானிட்டர் மேல பழி போடாத"ன்னு டீமில் எல்லோரும் சொல்கிறார்கள். வீட்டில் நான் ஆடுவது 144-ல்தான், அங்கே அந்த மூலையை நூறு தடவை பிடித்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

நல்லூரான்

அண்ணா, குறை நினைக்க வேண்டாம். 60 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமுக்கு, அதாவது ஒரு படத்துக்கு, 16.7 மில்லி செக்கன், 144-ல் 6.9. வித்தியாசம் ஆகக் கூடினால் 10 மில்லி செக்கன். வேலரண்டில் ரைபிளோடு ஓடுகிற ஆள் செக்கனுக்கு 5.4 மீற்றர் போவான். பத்து மில்லி செக்கனில் 5 சென்ரிமீற்றர் சொச்சம். அதற்கு இவ்வளவு கவலையா?

எங்கட பக்கத்துக் கதையைக் கேளுங்கோ. மாமா ரொறன்ரோவில் இருந்து வரும்போது 240 ஹெர்ட்ஸ் மொனிட்டர் ஒன்றைப் பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து தந்தார். யாழ்ப்பாணத்தில் நான் இருக்கும் ஒழுங்கையில் அதுதான் முதல் 240. எல்லாப் பெடியளும் வந்து பார்த்தார்கள். அன்று இரவே ஆடினேன். எதிரணிக்காரன் துவக்கால் வெடி வைத்தான், நான் சுவருக்குப் பின்னால் போய்விட்டேன், ரீலோட் பட்டனும் அமத்தியாச்சு. அதற்குப் பிறகுதான் செத்தேன். பார்க்க வந்த பெடியள் எல்லாம் சிரித்தார்கள். மும்பை சேர்வருக்குச் செய்தி போய்வர எடுக்கிற நேரம், அதுதான் பிங், எனக்கு நல்ல நாளில் 60 மில்லி செக்கன், மழை நாளில் 90. அந்த 60 மில்லி செக்கனில் அதே ஆள் 32 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுவான். மொனிட்டர் என்ன செய்யும்?

கண்ணாடி_போட்டவன்

நல்லூரான் தம்பி, உங்கள் கணக்கு சரி, முடிவு தப்பு.

நீங்கள் சுவருக்குப் பின்னால் செத்தது எதனால் என்று யோசித்தீர்களா? சுட்டவன் கிளிக் செய்த நேரத்தில் அவன் திரையில் நீங்கள் எங்கே நின்றீர்களோ, அந்த நேரத்துக்குச் சர்வர் பின்னோக்கிப் போய்ப் பார்க்கிறது. பிங் வித்தியாசத்தைச் சர்வர் அப்படித்தான் ஈடு கட்டுகிறது, அதன் பக்கவிளைவுதான் உங்கள் சாவு. ஆனால் ஒருவனின் மானிட்டர் படத்தை எவ்வளவு தாமதமாகக் காட்டியது, மவுஸ் கிளிக்கை எவ்வளவு தாமதமாக அனுப்பியது என்பது சர்வருக்குத் தெரியவே தெரியாது. அது அப்படியே ஆடுபவனின் ரியாக்‌ஷன் நேரத்தோடு சேர்ந்துவிடும். இரண்டு பேருக்குமே 200 மில்லி நொடி ரியாக்‌ஷன் என்றால் அஞ்சு மில்லி நொடி பிந்தியவன்தானே சாவான்? மேலே சொன்ன ஆட்டத்தில் பத்து பேருக்கும் ஒரே கல்லூரி நெட், பிங்கும் ஒன்றுதான். மிச்சம் இருந்த வித்தியாசம் என்ன?

இன்னொன்று. 5.4 மீட்டர் வேகத்தில் 60 ஹெர்ட்ஸில் ஆள் ஒவ்வொரு பிரேமுக்கும் 9 செ.மீ. தாவுகிறான், 144-ல் 4 செ.மீ.க்கும் குறைவு. 'தோள்பட்டை தெரியவில்லை' என்று அவர் சொல்வது கற்பனை இல்லை. அதைக் காட்ட வேண்டிய பிரேமே அவர் திரையில் வரவில்லை.

எனக்கு இது புரிந்தது நண்பன் வீட்டு டிவியில். ஹாலில் 43 இன்ச் டிவியில் சிஎஸ், அதாவது கவுண்டர்-ஸ்ட்ரைக் கேம் போட்டோம், ஹெட்செட் நேராகக் கம்ப்யூட்டரில். நெட்டே இல்லை, கம்ப்யூட்டரே ஆட்டுவிக்கும் பாட்களோடுதான் ஆட்டம். கிளிக் செய்கிறேன், காதில் ஏகே வெடிக்கிறது, திரையில் துப்பாக்கி சும்மா இருக்கிறது, அப்புறம்தான் நெருப்பு தெரிகிறது. சத்தமும் படமும் தனித்தனியாக வந்தன. டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று ஒவ்வொரு பிரேமையும் பிடித்து வைத்து அனுப்பியது. கேம் மோட் போட்டதும் இரண்டும் ஒட்டிக்கொண்டன. பிங் பூஜ்ஜியத்திலும் தாமதம் வரும் தம்பி.

பழைய_டஸ்ட்2

144-ஆ 60-ஆ என்று நீங்கள் சண்டை போடுவதைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. மதுரை சிம்மக்கல் பக்கத்து பிரவுசிங் சென்டரில் 2006 வாக்கிலேயே 100 ஹெர்ட்ஸில் சிஎஸ் ஆடினோம். சிஆர்டி என்ற பழைய குழாய் மானிட்டர், 800×600, லாஞ்ச் ஆப்ஷனில் 'மைனஸ் ஃப்ரீக் 100' என்று அடித்துவிட்டால் போதும். அது தெரியாதவன் 60-ல் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஆடுவான். மூலை சீட்டில்தான் நல்ல மானிட்டர் இருந்தது. அதைப் பிடிக்க ஸ்கூல் முடிந்து ஓடுவோம்.

பவர்கட் காலம் வந்ததும் ஓனர் யுபிஎஸ் தாங்கவில்லை என்று எல்லாவற்றையும் எல்சிடி ஆக்கினார். பார்க்க அழகு. டஸ்ட்2 மேப்பின் லாங் கதவில் ஏடபிள்யூபி ஸ்னைப்பர் வைத்து நின்றால், குறுக்கே ஓடுகிறவன் பின்னால் மங்கலாக ஒரு வால் இழுத்துக்கொண்டு போனான். நாங்கள் வாலைச் சுட்டோம். அந்தச் சென்டரின் சிறந்த ஸ்னைப்பர் ஒரே வாரத்தில் ரைபிளுக்கு மாறினான்.

மவுஸ் கதை தனி. பந்து மவுஸ். ஆட்டத்துக்கு முன்னால் மூடியைத் திருகிப் பந்தை எடுத்து, உள்ளே உருளைகளில் சுற்றியிருக்கும் கறுப்பு அழுக்கை நகத்தால் சுரண்டணும். இல்லையென்றால் வேகமாக இழுக்கும்போது பந்து வழுக்கும், கிராஸ்ஹேர் பாதி வழியில் நின்றுவிடும். இதற்கு நடுவில் எவனோ பந்துகளைத் திருட ஆரம்பித்தான். ஓனர் ஃபெவிக்விக் போட்டு எல்லா மூடியையும் ஒட்டிவிட்டார். சுத்தம் பண்ண வழியில்லை. பக்கத்துச் சென்டர்காரர்களோடு பந்தயம் வைத்த அன்றைக்கு என் மவுஸ் இடது பக்கம் மட்டும்தான் ஒழுங்காகத் திரும்பியது. பி டனலில் வலது பக்கம் ஒருவன் நிற்கிறான் என்று தெரிந்தும், நான் இடது பக்கமாகவே முழுச் சுற்று சுற்றி அவனிடம் போய்ச் சேர்ந்தேன். அவன் காத்திருக்கவில்லை.

ரிச்சி_தெரு_ஆள்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேலை, கடைப் பெயர் வேண்டாம். ஒரு பையன் மானிட்டரை மட்டுமல்ல, கேபினெட்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அப்பாவோடு வந்தான். "அண்ணே, 144-னு சொல்லி ஏமாத்திட்டீங்க, பழசுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல." கவுண்டரில் வைத்தே மாட்டினேன். டெஸ்க்டாப்பில் கர்சரை வட்டமாகச் சுழற்றினேன். அம்புக்குறி இடைவெளி விட்டு விட்டுத் தெரிந்தது. செட்டிங்கில் 60 என்று இருந்ததை 144 ஆக்கிவிட்டு மறுபடி சுழற்றினேன். இடைவெளி நெருங்கிவிட்டது. பையன் ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்து மவுஸை வாங்கி அவனே சுழற்றிக்கொண்டிருந்தான். அப்பாதான், "அப்ப இவ்ளோ நாளா எதைப் பாத்துட்டிருந்த?" என்றார்.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில் மாட்டியிருக்கிறீர்களா, மதர்போர்டிலா என்று முதலில் பாருங்கள், வாரத்துக்கு ஒருவராவது மதர்போர்டில் மாட்டிவிட்டு வருகிறார். டிஸ்பிளேபோர்ட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பழைய ஹெச்டிஎம்ஐ போர்ட் சிலவற்றில் 1080பி-க்கு 120 ஹெர்ட்ஸுக்கு மேல் வராது. விண்டோஸ் தானாக 144-க்குப் போகும் என்று நம்பாதீர்கள். சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே, அங்கே போய்க் கையால் மாற்றணும். டிரைவர் அப்டேட் ஆனால் மறுபடியும் பாருங்கள். 144 போட்டுவிட்டு கேமில் 70 எஃப்பிஎஸ்தான், அதாவது நொடிக்கு 70 படம்தான் வருகிறது என்றால் மானிட்டர் என்ன பண்ணும்? ஷேடோவைக் குறையுங்கள், வி-சிங்கை அணையுங்கள், அது தாமதத்தைக் கூட்டும். அட்டைப்பெட்டியில் '1 எம்எஸ்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். திரைப் புள்ளிகளை வேகமாக நிறம் மாற்றவைக்கும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து அளந்த எண்ணாக இருக்கும், அப்படி வைத்தால் ஆளுக்குப் பின்னால் வெள்ளையாக இன்னொரு நிழல் வரும். நடு அளவில் வையுங்கள். விலை குறைந்த விஏ பேனலில் இருட்டு மூலைகள் பூசியது போல இழுபடும், கையில் பட்ஜெட் இருந்தால் ஐபிஎஸ் போங்கள்.

மவுஸ். 25,600 டிபிஐ என்று பெட்டியில் இருக்கும், மவுஸை ஒரு இன்ச் நகர்த்தினால் எத்தனை புள்ளி என்ற கணக்கு அது. ப்ரோ பிளேயர்களில் பெரும்பாலானவர்கள் 400 அல்லது 800-ல்தான் ஆடுகிறார்கள். விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' டிக்கை எடுங்கள். அது இருந்தால் கையை எவ்வளவு தூரம் நகர்த்தினீர்கள் என்பதோடு எவ்வளவு வேகமாக நகர்த்தினீர்கள் என்பதையும் பார்த்துக் கர்சரை ஓட்டும். வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறது என்று வருபவர்களில் பாதிப் பேர் ரிசீவரை கேபினெட்டுக்குப் பின்னால் நீல யுஎஸ்பி போர்ட்டில் குத்தியிருப்பார்கள். யுஎஸ்பி 3.0 போர்ட் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல்லே 2012-ல் ஆவணம் போட்டது. பெட்டியில் வரும் எக்ஸ்டென்ஷன் கேபிளைக் குப்பையில் போடாமல் ரிசீவரை மேஜை மேல் கொண்டுவாருங்கள். ஆபீஸ் மவுஸ் 125 ஹெர்ட்ஸ், அதாவது 8 மில்லி நொடிக்கு ஒரு தடவைதான் கம்ப்யூட்டரிடம் பேசும். கேமிங் மவுஸ் 1000 ஹெர்ட்ஸ், 1 மில்லி நொடி.

முத்துநகர்_ஆப்பர்

ரிச்சி அண்ணா, அவ்வளவு சொன்னீங்க, ஸ்விட்ச் பற்றி ஒரு வார்த்தை இல்லையே.

வேலரண்ட் பெண்கள் டோர்னமென்ட், ஆப்பரேட்டர் என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியைப் பிடிப்பதுதான் என் ரோல். அந்த மவுஸ் வாரண்டி முடிவதற்கு இன்னும் மாதங்கள் இருந்தன. இடது பட்டன் டபுள் கிளிக் ஆனால் எல்லோருக்கும் தெரியும், ஃபோல்டர் ஒரு கிளிக்கில் திறந்துகொள்ளும். எனக்குப் போனது வலது பட்டன். ஆப்பில் வலது கிளிக் ஒரு தடவை என்றால் சின்ன ஜூம், இன்னொரு தடவை என்றால் பெரிய ஜூம், அடுத்ததில் ஸ்கோப் மூடிவிடும். ஹேவன் மேப்பில் சி லாங், எதிரி கிட்டத்தில் வருகிறான். ஒரு தடவைதான் அழுத்தினேன். ஸ்கோப் நேராகப் பெரிய ஜூமுக்குப் போய்விட்டது. கண்ணாடி முழுக்க அவன் சட்டைப் பொத்தான் மட்டும். தலை எங்கே, கை எங்கே, எந்தப் பக்கம் நகர்கிறான், ஒன்றும் தெரியவில்லை. ஆட்டத்தை வர்ணிக்கும் கேஸ்டர் "ஏன் இவ்ளோ கிட்டத்துல பெரிய ஸ்கோப்?" என்று மைக்கில் கேட்டார். இன்றைக்கும் அந்தக் குரல்தான் காதில் இருக்கிறது.

பட்டனுக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு தேய்ந்தால் ஒரு அழுத்தத்தில் இரண்டு தடவை தொடும், அவ்வளவுதான் விஷயம். சர்வீஸ் சென்டரில் "தண்ணி பட்டிருக்கு"ன்னு திருப்பி அனுப்பினார்கள். தூத்துக்குடியில் காற்றே தண்ணிதான், அதற்கு நான் என்ன செய்ய? துணி மவுஸ்பேட்கூட இங்கே மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கனத்துவிடும், அதே சென்சிட்டிவிட்டியில் கை போக மறுக்கும். 400 டிபிஐ-யா 800-ஆ என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

பஜாரில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் தாத்தா வேறு ஸ்விட்ச் வாங்கி வந்தால் சால்டர் பண்ணித் தருகிறேன் என்றார். இரண்டும் மாற்றியாச்சு. கிளிக் சத்தம் இப்போது கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது, ஆனால் ஒன்று என்றால் ஒன்றுதான்.

நல்லூரான்

கண்ணாடி அண்ணா, சேர்வர் பின்னோக்கிப் பார்க்கிற விசயம் விளங்குது. ஆனால் அது சுடுகிறவனுக்குத்தானே உதவி? மூலை பிடித்து நிற்கிற எனக்கு அவன் வந்த செய்தியே பிந்தித்தான் வருகுது. 240 அதையும் பிந்திய செய்தியாகத்தான் வடிவாகக் காட்டுது. அதனால் இப்ப நான் மூலை பிடிக்கிறதே இல்லை, பாய்ந்து போய்ச் சுடுறன். சிஎஸ்2-க்குச் சென்னையில் சேர்வர் இருக்கு, அங்கே ஆடும்போது மாமாவின் மொனிட்டர் நல்ல மொனிட்டர்தான், அதை ஒத்துக்கொள்ளுறன்.

எட்டாயிரம்

ரிச்சி அண்ணன் 1000 ஹெர்ட்ஸோடு நிறுத்திவிட்டார், அதற்கு மேல் என் கதை. தள்ளுபடியில் 8000 ஹெர்ட்ஸ் மவுஸ் எடுத்தேன். கம்ப்யூட்டர் பழைய நாலு கோர் ஐ5. சும்மா நின்றால் 200 எஃப்பிஎஸ். சண்டை வந்தால் திரை திக்கித் திணறும். கிராபிக்ஸ் கார்டு போச்சு, மாற்று என்று நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பணமும் சேர்த்துவிட்டேன்.

ஒரு நாள் பிராக்டிஸ் ரேஞ்சில் எதிரி யாரும் இல்லாமல் சும்மா மவுஸை வட்டமாக ஆட்டிக்கொண்டிருந்தேன். மூலையில் எஃப்பிஎஸ் எண் 200, 140, 90 என்று இறங்குகிறது. கையை நிறுத்தினால் மறுபடி 200. வேகமாக ஆட்டினால் 80. மெதுவாக ஆட்டினால் 150. நொடிக்கு எட்டாயிரம் தடவை மவுஸ் வந்து கதவைத் தட்டினால் பாவம் அந்த ப்ராசஸர் கேமை எப்போது பார்க்கும்? சண்டையில் திணறியது சண்டையால் இல்லை, சண்டையில்தான் நான் கையை வேகமாக ஆட்டுகிறேன். மவுஸ் சாப்ட்வேரில் 1000-க்கு இறக்கினேன், அதோடு நின்றது. கார்டுக்கு வைத்திருந்த பணத்தில் கேமிங் நாற்காலி வாங்கினேன். முதுகு வலி வந்திருக்கிறது, அதற்குத் தனியாகப் புலம்ப வேண்டும்.