பினாங்கில் கிராஷ் பார் பொருத்தித் தரும் நல்ல பட்டறை தேவை

அன்பர்களுக்கு வணக்கம். பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குப் பாலம் வழியாக நான் நாள்தோறும் வேலைக்கு ஓட்டிச் செல்லும் ஹோண்டா சிபி500எக்ஸ் மோட்டார் சைக்கிள், சென்ற வாரம் மழையில் நின்ற இடத்திலேயே இடப்பக்கமாகச் சாய்ந்ததில் கிளட்ச் பிடி முறிந்து, எஞ்சின் மூடியில் விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்துவிட்டது.

வண்டி சாய்ந்தால் எஞ்சினைக் காக்கும் கம்பியான கிராஷ் பாரும் ரேடியேட்டர் காப்பு வலையும் வாங்கிவிட்டேன். எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளிலேயே அந்தக் கம்பி மாட்டப்படுவதால், அடியில் ஜாக்கி கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு போல்ட்டை மட்டும் கழற்றி, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் கருவி) முறுக்க வேண்டும். நான் விசாரித்த பட்டறையில் இம்பாக்ட் கன்னால் (விசையை அளக்காமல் வேகமாக முறுக்கும் கருவி) இறுக்கிவிடலாம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிறை, ஜார்ஜ்டவுன் பக்கம் பொறுமையாகச் செய்யும் மெக்கானிக் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். இதே வண்டியில் கம்பி பொருத்தியவர்கள், எண்ணெய் வடிகட்டியைக் கழற்ற அது இடைஞ்சலாக இருக்கிறதா என்பதையும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.