பொருள்: பரப்பளவுப் பாடத்திற்கு 'பாவல்' சரியா?

கணிதப் பாடத்துக்குச் சொல் தேரும் குழுவினருக்கு வணக்கம்.

ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கித் தளத்தை மூடுவதற்கு 'ஓடு வேய்தல்' என்று எழுதுகிறோம். இது தவறு. கூரையில் வேயும் ஓடு ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் கிடக்கும். இல்லையென்றால் மழை ஒழுகும். பரப்பளவு அளக்கும்போது ஏறவே கூடாது, இடுக்கும் விடக் கூடாது. ஜார்ஜ் டவுன் ஐந்தடி நடைபாதையில் பதித்திருக்கும் பூக்கல்லைப் பாருங்கள். அது தரையில் பாவியது. ஆகவே 'பாவல்'.

சொல் கிளைக்கவும் செய்கிறது: பாவும் வடிவம், பாவா வடிவம். ஒழுங்கு அறுகோணத்தின் உட்கோணம் 120°. ஒரு புள்ளியில் மூன்று கூடினால் 360°, பாவும். ஒழுங்கு ஐங்கோணத்துக்கு 108°. மூன்று வைத்தால் 36° இடுக்கு விழும், நான்காவது ஏறிவிடும். பாவாது.

பினாங்கிலிருந்து

*

வணக்கம் ஐயா.

வேய்தல் பற்றிச் சொன்னது சரி. 'பாவா வடிவம்' என்றதும் வகுப்பு 'பாவாடை' என்று சிரிக்கும், அதை விடுவோம். பாவலை இலங்கையில் 'தெசலாக்கம்' என்கிறார்கள்; மலாய் மொழியிலும் 'தெசெலாசி'தான். இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அது காதில் விழுந்த சொல்லாக இருக்குமே?

என் சிக்கல் வேறு. வடிவத்தை வெட்டிப் பிரிப்பதையும் பாவல் என்பீர்களா? 12 செ.மீ. × 8 செ.மீ. செவ்வகத்தின் மேல் மூலையில் 4 × 3 வெட்டியாயிற்று. மிச்சம் 'ட' போன்ற வடிவம். பிள்ளைகள் கீழ்ப்பட்டையை 12 × 5 = 60, இடப்பக்கத்தை 8 × 8 = 64 என்று கூட்டி 124 என எழுதுகிறார்கள். முழுச் செவ்வகமே 96தான்! 8 × 5 = 40 இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது. விடை 84. இங்கே ஒரே ஓடு திரும்ப வரவில்லை, துண்டுகள் வெவ்வேறு.

கோலாலம்பூரிலிருந்து

*

வணக்கம் அம்மா.

இரண்டும் வேறுதான். வெட்டுவதற்குக் 'கூறிடல்' வைக்கலாம். 'சிதைத்தல்' வேண்டாம், அழுகல் வாடை வருகிறது. 'கூறுபோடல்' என்றால் சந்தையில் மீன் கூறு நினைவுக்கு வரும். அது சமபங்கு என்ற எண்ணத்தையும் கொடுத்துவிடும்.

உங்கள் ஊர் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரமே நல்ல பயிற்சி. அதன் தளவரைவுக்கு அடிப்படை, ஒன்றன்மேல் ஒன்று 45° திருப்பி வைத்த இரு சம சதுரங்கள். பக்கம் 10 செ.மீ. என்று தாளில் வரையச் சொல்லுங்கள். 100 + 100 = 200 என்பார்கள்; நடு எண்கோணம் இருமுறை சேர்ந்த கணக்கு அது. ஒரு சதுரத்தை முழுதாக வைத்து, வெளியே நீட்டும் நான்கு செங்கோண முக்கோணங்களை மட்டும் கூட்டினால் போதும். அளவுகோலில் அவற்றின் சிறு பக்கம் ஏறக்குறைய 2.9 செ.மீ. இரண்டு முக்கோணம் சேர்ந்து ஒரு சதுரமாகும். ஆக நான்குக்கு 2 × 2.9 × 2.9, கிட்டத்தட்ட 17. மொத்தம் 117 சதுர செ.மீ. கோபுரத்தில் உள்மூலைகளை நிரப்பும் வட்டத் துண்டுகளை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

'தெசலாக்கம்' அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும். இடுக்கு, ஏறல் என்ற இரண்டையும் பிழைப் பெயர்களாக ஏற்கலாமா? ஏறலுக்கு 'மேற்கவிதல்' என்பது ஆண்டு மூன்று பிள்ளைக்குக் கனமாக இருக்கிறது.

பினாங்கிலிருந்து