மனச்சிதைவு நோயில் நடை தளர்வு: தாளப் பயிற்சி உதவுமா?

கேள்வி (பாலக்கோடு)
மனச்சிதைவு நோய்க்கு நெடுங்காலமாக மருந்து உட்கொண்டுவரும் என் தம்பிக்குக் காதில் குரல் கேட்பது பெருமளவு அடங்கிவிட்டது. ஆனால் கைகளை வீசாமல், அடிகளைக் குறுக்கிக் குறுக்கி வைத்து நடக்கிறான். மாரியம்மன் திருவிழாவில் பம்பை ஒலித்தபோது மட்டும் அவன் நடையில் சீர் வந்ததை வீட்டில் அனைவரும் கவனித்தோம். இதையே பயிற்சியாகச் செய்யலாமா?

பதில் 1 (ஓசூர், இயன்முறை மருத்துவர்)
செய்யலாம், சகோதரி. அடுத்த அடியை எப்போது எடுப்பது என்று மூளைக்குள் அசைவைச் சீராக்கும் அடித்தள முடிச்சுகள் என்ற பகுதி தரவேண்டிய குறிப்பு தளரும்போது, வெளியிலிருந்து வரும் சீரான ஒலி அந்தக் குறிப்பை ஓரளவு ஈடுசெய்கிறது. 1990களில் இசை சிகிச்சை ஆய்வாளர் மைக்கேல் தாட் குழுவினர் பார்க்கின்சன் நோயாளிகளிடமும் பக்கவாதம் வந்தவர்களிடமும் இதைச் சோதித்து, நடைவேகமும் அடியின் நீளமும் கூடுவதைக் காட்டினர். மனச்சிதைவு நோயில் அந்த அளவுக்குச் சான்று சேரவில்லை என்பதால், இதைத் துணைப் பயிற்சியாக மட்டுமே கொள்ளுங்கள்.

முதலில் அவர் இயல்பாக நடக்கையில் நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணி, கைபேசியில் சீரான இடைவெளியில் ஒலி எழுப்பும் மெட்ரோனோம் செயலியை அதே எண்ணில் வையுங்கள். நடை அதில் படிந்த பிறகே 5 முதல் 10 விழுக்காடு கூட்டலாம். 80 அடி என்றால் 84 முதல் 88 வரை. சமதளத்தில், பக்கத்தில் ஒருவர் நடந்துவர வேண்டும்.

பதில் 2 (பென்னாகரம், கூத்துக்கு மிருதங்கம் வாசிப்பவர்)
திருவிழாப் பம்பையைப் பதிவுசெய்து போட்டுவிடாதீர்கள். அருள் ஏற ஏற வேகமும் ஏறும். பின்தொடரும் கால்கள் தடுமாறும். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் அழுத்தம் ஒருமுறை வலக்காலிலும் மறுமுறை இடக்காலிலும் விழுவதால் தொடக்கத்தில் குழப்பும். அணி எதுவும் சேர்க்காத, நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ரமே போதும்.

பதில் 3 (கிருஷ்ணகிரி, மனநலச் செவிலியர்)
தாளத்துக்கு முன் மருந்தைப் பாருங்கள், அக்கா. ஹாலோபெரிடால் போன்ற மனச்சிதைவு மருந்துகள், மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளின் செயலைத் தடுப்பதால் உடல் விறைத்து நடை சுருங்குவதுண்டு. அளவை மாற்றியோ, விறைப்பைத் தணிக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையைச் சேர்த்தோ மருத்துவர் இதைக் குறைக்க முடியும். நீங்களாக மாத்திரையை நிறுத்தவே கூடாது. மருந்து தொடங்கும் முன்பே சிலருக்கு அசைவுக் குறை இருக்கும் என்பதால், பழி முழுவதையும் மாத்திரை மேல் போடவும் முடியாது. ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு இருந்தால் அது வேறு விளைவு. அதற்குத் தாளம் மருந்தாகாது.

பாடல் வரிகள் தம்மைக் குறித்தே பாடப்படுவதாகச் சிலர் எண்ணிவிடுவார்கள். ஆகவே சொல்லில்லாத வெறும் தாளமே நல்லது. அவர் சம்மதித்தால் நடையைக் கைபேசியில் படம்பிடித்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.