மனுவின் மூன்றாம் பத்தி: எல்லாத் தரப்புக் குற்றங்களையும் ஒரே தாளில் எழுதலாமா?

குளத்துப்புழை வாசகன்

இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து கேரளத்தில் குடியேறிய குடும்பங்களான நாம், நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுப்பதற்காக எழுதிய மனுவைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை குறித்த தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும்போது, 2014, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் ஒதுங்கி நின்றதைப் போல இந்தியா நிற்கக் கூடாது. 2012இலும் 2013இலும் செய்ததைப் போல ஆதரித்து வாக்களிக்க வேண்டும் என்பது முதல் பத்தி. யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணியில் உள்ள மனிதப் புதைகுழியின் அகழ்வைப் பன்னாட்டுத் தடயவியல் வல்லுநர்கள் மேற்பார்வையிட வேண்டும் என்பது இரண்டாம் பத்தி. 1990இல் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியது, சிறுவர்களைப் படையில் சேர்த்தது, 1987இல் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப் படையினர் நடத்திய கொலைகள் ஆகியவையும் விசாரிக்கப்பட வேண்டும் என்பது மூன்றாம் பத்தி. இந்த மூன்றாம் பத்தியை நீக்கினால்தான் கையெழுத்திடுவோம் என்று சிலர் சொல்லியிருப்பதால், அவர்களுடைய காரணங்களை இங்கேயே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆரியங்காவு பேரன்

அண்ணன் அவர்களுக்கு, மறுப்பவர்களில் நானும் ஒருவன். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு அரசுகளும் செய்த 1964 ஒப்பந்தத்தின்படி என் தாத்தா கப்பலேறி இராமேஸ்வரம் வந்து, பிறகு இங்கே ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குச் சேர்ந்தார். அவருடைய தங்கை குடும்பம் வரவில்லை. இலங்கையில் நடந்த 1977 கலவரத்தில் லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுத் துரத்தப்பட்ட அவர்கள் கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். அந்தக் குடும்பத்தில் எனக்கு அண்ணன் முறையான ஒருவர், போர் முடிந்த வாரத்தில் காணாமல் போனவர், இன்றுவரை காணாமல் போனவராகவே இருக்கிறார்.

புலிகளின் தலைமை 2009 மே மாதத்தோடு அழிந்துவிட்டது. அவர்களைக் கூண்டில் ஏற்ற எவராலும் முடியாது. அரசு அப்படியா? 2000 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்து மிருசுவிலில் குழந்தை உட்பட 8 பேரைக் கொன்றதற்காக ஓர் இராணுவ வீரருக்கு 2015இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2020 மார்ச்சில் ஜனாதிபதியே அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். அரிதாகக் கிடைத்த ஒரு தண்டனையும் இப்படிக் கரைந்துபோன நாட்டில், நாமே முன்வந்து ‘இரு தரப்பும் செய்தது’ என்று எழுதிக் கொடுத்தால், கொழும்பு பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் வாதத்துக்கு நம் கையெழுத்தைச் சேர்த்தவர்கள் ஆவோம்.

தென்மலை

தோட்டத்தில் ஓய்வுபெற்ற பல தொழிலாளர்களுக்குச் சொந்தமாக ஒரு கூரை இல்லை. கடல் தாண்டிய வழக்குக்கு மனு எழுதும் அக்கறையில் பாதியாவது அதற்குக் காட்டக் கூடாதா?

குளத்துப்புழை வாசகன்

வீட்டுமனைக் கோரிக்கைக்குத் தனி மனு தயாராகிறது; அதற்கும் உங்கள் கையெழுத்து வேண்டும். ஒன்றைக் கேட்டால் மற்றொன்றைக் கேட்கும் உரிமை போய்விடாது.

புனலூர் ஆசிரியை

ஆரியங்காவுத் தம்பிக்கு, உங்கள் குடும்பத்தின் இழப்பை மதித்தே இதை எழுதுகிறேன். இரு தரப்பும் சமம் என்று மூன்றாம் பத்தியில் ஒரு சொல்லும் இல்லை. ஐ.நா. பொதுச்செயலாளரின் வல்லுநர் குழு 2011இல் அளித்த அறிக்கை, போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றும், இறப்புகளில் பெரும்பாலானவை அரசின் எறிகணை வீச்சால் நேர்ந்தவை என்றும் சொன்னது. அதே அறிக்கைதான், புலிகள் மக்களைத் தப்பவிடாமல் தடுத்ததையும் தப்பியோடியவர்களைச் சுட்டதையும் பதிவு செய்தது. பின்னதை எழுதியதால் முன்னதன் கனம் குறையவில்லை. ஒரு தரப்பின் வக்கீல் எழுதியது என்று எவரும் அதை எளிதில் தள்ளிவிட முடியாமல் போனதற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து.

யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு 1990 அக்டோபர் 30 அன்று கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வீட்டையும் கடையையும் அப்படியே விட்டு, கையில் சிறு தொகையோடு நடந்தார்கள். அவர்களில் மிகப் பலர் புத்தளத்து அகதி முகாம்களில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்கும் அங்கேயே திருமணம் செய்து வைத்தார்கள். ஊரை விட்டுக் கிளம்பு என்ற கட்டளையால் தாத்தா பாட்டி கப்பலேறிய குடும்பங்கள் நாம். அந்தக் கட்டளையைத் தமிழில் சொன்னவர்களைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டோம் என்றால், எந்த முகத்தோடு நீதி கேட்பது?

யாழ்ப்பாணம் மருத்துவமனை விஷயம் நம்மை இன்னும் நேரடியாகத் தொடுவது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். மருத்துவர்கள், தாதியர், படுக்கையில் கிடந்த நோயாளிகள் என 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். எவர்மீதும் வழக்கு நடக்கவில்லை. இந்தியாவில் வாக்குரிமை உள்ள நாம் இந்திய நாடாளுமன்ற உறுப்பினரிடம் போகிறோம். மூன்றாம் பத்தியில் உள்ளவற்றில் அவரால் நேரடியாகக் கேள்வி எழுப்பக்கூடியது இந்த ஒன்றைப் பற்றித்தான்.

ஆரியங்காவு பேரன்

மருத்துவமனைக் கொலைகளைச் சேர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. அதை முதல் பத்தியிலேயே வைக்கலாம். எனக்கு உடன்பாடில்லாதது புலிகளைப் பற்றிய வரிகள் மட்டும். 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியில் சாலையோரப் பந்தலில், காணாமல் போன பிள்ளைகளின் படங்களை ஏந்தி உட்கார்ந்திருக்கும் தாய்மாரில் பலர், பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். 2025இல் செம்மணியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளோடு ஒரு பள்ளிப் பையும் பொம்மையும் வெளிவந்தன. இப்படி ஒரு நேரத்தில் நம் குரல் ஒரே திசையில் போக வேண்டாமா?

புனலூர் ஆசிரியை

அதே கிளிநொச்சியில், புலிகள் இயக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனதால் பிள்ளையைத் தொலைத்த தாய்மாரும் இருக்கிறார்களே, தம்பி. அந்தத் தாய் எந்தத் திசையைப் பார்த்துக் கேட்பது? எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் ஊருக்குள்ளேயே இருந்து பதிவு செய்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றும் ‘இது நேரமில்லை’ என்றுதான் சொன்னார்கள். அந்த நேரம் 2009க்குப் பிறகும் வரவில்லை என்றால் எப்போதுதான் வரும்?

ஆரியங்காவு பேரன்

அந்த அம்மையாரின் துணிவை நானும் வணங்குகிறேன். ஆனால் குற்றம் செய்தவன் அதிகாரத்தில் இருக்கும்போது சொல்வதற்கும், அவன் அழிந்த பிறகு அவனுடைய எதிரியின் காதில் விழும்படி சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. வரிகள் இப்படியே இருந்தால் மனுவில் என் கையெழுத்து இருக்காது. ஆனால் என் அண்ணனைப் பற்றிய விவரங்களை எங்காவது முறையாகக் கொடுக்க வழி இருந்தால் சொல்லுங்கள், கொடுக்கிறேன்.

குளத்துப்புழை வாசகன்

வழி இருக்கிறது. 2021 மார்ச்சில் மனித உரிமைப் பேரவையில் நிறைவேறிய 46/1 தீர்மானத்தின்படி, ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் ஜெனீவாவில் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாத்து வருகிறது. அதற்கு மனுவில் கையெழுத்திட்டிருக்க வேண்டியதில்லை. அண்ணனைக் கடைசியாகப் பார்த்தவர் யார், எந்த நாள், எந்த இடம், உடன் இருந்தவர்கள் யார் என்பதைப் பார்த்தவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். கேள்விப்பட்டதைத் தனியாக எழுதுங்கள். பிறப்புச் சான்று, குடும்ப அட்டை, ஏற்கெனவே கொடுத்த முறைப்பாடுகளின் பிரதி ஆகியவற்றைச் சேருங்கள். கிளிநொச்சியில் இருப்பவர்களின் பெயரை, அவர்கள் சம்மதம் இல்லாமல் இந்தப் பக்கத்தில் எழுத வேண்டாம். மூன்றாம் பத்தி அப்படியே இருக்கும். மருத்துவமனைக் கொலைகள் மட்டும் நீங்கள் சொன்னபடி முதல் பத்திக்குப் போகின்றன.