உப்புக்காற்றில் கேபிள் ஃபிரேமுக்குள்ளா, வெளியிலா?

மண்டபம்_மிதி: புது எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) வாங்கப் போகிறேன், அலுமினிய ஃபிரேம். கியர் கேபிளும் பின் பிரேக் ஹோஸும் (பிரேக் திரவம் ஓடும் குழாய்) டவுன்ட்யூபுக்குள் (முன்பக்கமிருந்து பெடல் வரை சாய்ந்து இறங்கும் ஃபிரேம் குழாய்) ஓடுகின்றன. வாரம் ஒருமுறை தனுஷ்கோடி அரிச்சல்முனை போவேன், மற்ற நாளெல்லாம் மணல் பாதைதான். நம்ம கடற்கரைக்கு இது ஒத்துவருமா?

உச்சிப்புளி_பட்டறை: வேண்டாம் தம்பி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தனுஷ்கோடி போய்விட்டு வந்து வண்டியைக் கழுவாமல் விட்டுப் பார், மறுநாள் காலையில் செயின் சிவந்திருக்கும். கேபிள் வெளியில் இருந்தால் நல்ல தண்ணீர் ஊற்றி, துணியால் துடைத்து, அவுட்டர் (கேபிளின் மேலுறை) முனையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் முடிந்தது. உள்ளே ஓடினால் கண்ணுக்கே தெரியாது. துளை வழியாக இறங்குகிற உப்புத் தண்ணீர் பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டில்தான் போய்த் தேங்கும். அங்கே பேரிங் துருவேறிப் போன வண்டிகளைப் பிரித்த கை இது.

கீழக்கரை_ரைடர்: அண்ணே, கியர் கேபிளையும் பிரேக் ஹோஸையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். ஹைட்ராலிக் ஹோஸின் மேல் உறை பிளாஸ்டிக், அது எங்கே துருப்பிடிக்கப் போகிறது? கியருக்கு முழு நீள அவுட்டரும் ஸ்டெயின்லெஸ் இன்னரும் (உள்ளே ஓடும் கம்பி) போட்டால் இரும்பு வெளியே தெரிவதே கொஞ்சம்தான். என் பழைய வண்டியில் எல்லாம் வெளியில்தான். ஏர்வாடிப் பக்கம் சீமைக்கருவேலத்துக்குள் போனபோது கிளை மாட்டி ஹோஸை கிளிப்போடு பிய்த்துக்கொண்டு போனது, பின் பிரேக் இல்லாமல் வீடு வரை உருட்டிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் உள்ளேதான்.

உச்சிப்புளி_பட்டறை: சரி, ஹோஸ் துருப்பிடிக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை மாற்றும் நாளை யோசி. வெளியில் என்றால் கிளிப்பை எடுத்து, கைப்பிடி லிவர், சக்கரத்தருகே இருக்கும் காலிப்பரோடு அப்படியே கழற்றி வைத்துவிடலாம். உள்ளே என்றால் லிவரில் கழற்றி உருவி, திரும்பக் கோத்து, முனையை வெட்டி, புது ஆலிவ் (இணைப்பு கசியாமல் இறுக்கும் சிறு வளையம்) போட்டு, பிளீட் பண்ண (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டும். இன்னொன்று, நம்மூரில் முன் பிரேக் வலது கையில், பின் பிரேக் இடது கையில். சில ஃபிரேம்களில் பின் ஹோஸ் நுழையும் துளை இடப்பக்கம் இருக்கும், வலது கையில் பின் பிரேக் பிடிக்கிற ஊர்களுக்காகச் செய்தது. இடது லிவரிலிருந்து வரும் ஹோஸ் அதே பக்கம் நுழைய நெருக்கமாக மடங்கும்.

கீழக்கரை_ரைடர்: துளை எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்கினால் அது தீர்ந்தது. கியர் அவுட்டர் மாற்றவும் பயப்பட வேண்டாம் தம்பி, பழையதை உருவும் முன் அதன் முனையையும் புதியதன் முனையையும் சின்ன இன்னர் துண்டு செருகி டேப் சுற்றிவிடு, பழையதை இழுத்தால் புதியது பின்னாலேயே வந்துவிடும். உள்ளே கடகடவென்று சத்தம் வந்தால் ஃபோம் குழாய் மாட்டிவிடலாம்.

மண்டபம்_மிதி: ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங் பகுதி) வழியாகவே கேபிள் இறங்குகிற மாடலும் காட்டினார்கள் அண்ணே.

கீழக்கரை_ரைடர்: அது மட்டும் வேண்டாம். உப்புக்காற்றில் ஹெட்செட் பேரிங் சீக்கிரம் போகும், மேல் பேரிங்கை மாற்றவே பிரேக் ஹோஸைக் கழற்ற வேண்டியிருக்கும்.

உச்சிப்புளி_பட்டறை: இதில் நானும் உன் பக்கம்தான். தம்பி, பணம் கட்டுவதற்கு முன் வண்டியைத் தலைகீழாகத் திருப்பி, பாட்டம் பிராக்கெட் அடியில் தண்ணீர் வடிய துளை இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் வெளியில் கேபிள் ஓடுகிற ஃபிரேமையே வாங்கு.