இலத்திரனியல் வடிவமைப்பைக் கற்க எந்த நூல்?

உப்புவெளி மாணவன்: உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த நான், சொந்தமாக மின்சுற்றுகளை வடிவமைக்க விரும்புகிறேன். அண்ணாமார், எந்த நூலில் தொடங்கலாம்?

கிண்ணியா வாசகர்: தம்பி, ஹோரோவிட்ஸும் ஹில்லும் எழுதிய 'தி ஆர்ட் ஒஃப் எலெக்ட்ரோனிக்ஸ்' நூலின் மூன்றாம் பதிப்பு ஆயிரம் பக்கங்களைக் கடந்ததுதான். ஆயினும், திரான்சிற்றர் பற்றிய இரண்டாம் அத்தியாயத்தைப் பொறுமையாகப் படித்து, ஒவ்வொரு சுற்றையும் மின்சுற்றுகளைக் கணினியிலேயே பாவனையாக இயக்கிக் காட்டும் எல்டிஸ்பைஸ் என்னும் இலவச மென்பொருளில் இயக்கிப் பாருங்கள்.

நிலாவெளி வாசகர்: சில்லுகளின் தரவுத்தாள்களையும், அதாவது தயாரிப்பாளர் வெளியிடும் விவரக்குறிப்புகளையும், கட்டாயம் வாசியுங்கள். நான் அமைத்த விரியலாக்கி (அம்பிளிபயர்) ஓயாமல் இரைந்தது. தரவுத்தாளில் சொல்லியிருந்தபடி, சில்லின் மின்வழங்கல் முனையை ஒட்டி 0.1 மைக்ரோஃபரட் கொள்ளளவி ஒன்றைப் பற்றவைத்ததும் இரைச்சல் அடங்கியது. நம் கடற்காற்றில் செம்பு விரைவில் பச்சை பிடிக்கும். முடித்த மின்சுற்றுப் பலகைக்கு வார்னிஷ் பூசுங்கள்.

உப்புவெளி மாணவன்: மிக்க நன்றி. இன்றே இரண்டாம் அத்தியாயத்தைத் தொடங்குகிறேன்.